யாரும் பார்க்காத இடத்தில் படித்த மொழி

அன்பு மகளுக்கு,

நீ வேலை முடிந்து கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, தேத்தண்ணீரோடு கதிரையில் உட்கார்ந்த பிறகு இதைப் பிரித்து வாசி. சற்று நீளமாகத்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல், "யோசிச்சுச் சொல்லுறன் பிள்ளை" என்று போனை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. நீ சொன்ன ஒரு வசனம் என் வாயைக் கட்டிப்போட்டுவிட்டது.

மருமகன் ஜேர்மனியில் இருந்து உன்னைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டுமானால் நீ அந்த மொழியில் ஒரு சோதனை எழுத வேண்டும், தூதரகத்தில் அதைக் கேட்கிறார்கள் என்று சொன்னாய். கண்டி நகரத்தில் சனி, ஞாயிறு வகுப்பு நடக்கிறது. இல்லாவிட்டால் மருமகன் வாங்கித் தந்த கணினியில், ஏதோ ஒரு இணையவழிக் கல்லூரியில் சேர்ந்து வீட்டில் இருந்தபடியே படிக்கலாம். எது நல்லது என்று கேட்டாய். அம்மா உடனே, "வீட்டில இருந்தே படி. பஸ்ஸில குண்டு வெடிக்கிற காலத்தில ஒவ்வொரு கிழமையும் கண்டி ரவுணுக்குப் போகாத" என்றாள். அவள் பயம் நியாயமானது. அதில் நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் நீ சொன்ன காரணம் வேறு. "கண்டிக்குப் போனா எல்லாரும் என்னைப் பாப்பினம் அப்பா. ஒன்லைன் எண்டா நான் பிழை விட்டாலும் ஒருத்தருக்கும் தெரியாது." அந்த வசனத்தை உன் குரலில் கேட்டபோது, நான் உன் வயதில் சொன்னது திரும்பி வந்ததுபோல இருந்தது. அந்தக் கூச்சம் உனக்கு என் பக்கத்தால் வந்தது. அது என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். முழுவதையும் எழுதிவிடுகிறேன். பிறகு நீயே முடிவெடு.

யாழ்ப்பாணத்தில் இருந்து வேலை கிடைத்துக் கம்பளைக்கு வந்தபோது எனக்குத் தமிழும் கந்தோரில் எழுதும் அளவுக்கு ஆங்கிலமும் மட்டும்தான் தெரியும். சிங்களம் தெரியாததால் சந்தையில் மரக்கறி வாங்கினாலும் விரலைக் காட்டித்தான் வாங்குவேன். கந்தோரில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த சிங்களவன் விமலசிறி. உனக்கு அவனை நினைவிருக்கும். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து, வடையை வாயில் வைத்துக்கொண்டே உன்னிடம் தமிழ் கதைத்து உன்னைச் சிரிக்கவைத்தவன். அந்தத் தமிழ் முழுக்க மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் பிடித்தது. பிழை விடுவதைப் பற்றி அவனுக்கு ஒரு கவலையும் கிடையாது. ஒருநாள் பிந்தி வந்து, மூச்சு வாங்க, "ஓடி வந்து பஸ்ஸைக் கடிச்சேன் மச்சான்" என்றான். பிடித்தேன் என்று சொல்ல வந்தது. தமிழ் தெரிந்தவர்கள் எல்லாரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவன் அவன்தான். அடுத்த நாள் காலை வாசலில் நின்றே, "இன்டைக்குப் பஸ்ஸைப் பிடிச்சேன். கடிக்கல்ல" என்றான். அந்தச் சொல் அவனுக்குப் பிறகு ஒருநாளும் பிழைக்கவில்லை. எனக்கு அவனைப் பார்க்க ஆச்சரியமாக இருக்கும். இவ்வளவு பேர் சிரிக்கும்போது ஒரு மனிதனால் எப்படி அந்த இடத்திலேயே நிற்க முடிகிறது என்று.

கலவரம் வந்தபோது நீ கைக்குழந்தை. தமிழ்க் கடைகள் எரிந்த புகை ஆற்றுக்கு மேலே நின்றதைப் பார்த்தோம். உடுத்த உடுப்போடு ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தோம். பிறகு யாழ்ப்பாணம் போய், அங்கே பிழைக்க வழியில்லாமல் வேலைக்காகவே திரும்பி வந்தோம். வந்த முதல் வாரம் விமலசிறி என்னிடம் வந்து மேசை ஓரத்தில் உட்கார்ந்தான். அவனுக்குச் சொல்ல நிறைய இருந்தது, தமிழ் போதவில்லை. கடைசியில், "மச்சான், சனிக்கிழமை எங்கட வீட்டுக்கு வா. நான், என் பொஞ்சாதி, சின்னவன் எல்லாம் சிங்களத்தில் கதைக்கும். நீ கேள். நீயும் கதை. ஆறு மாசத்தில் நீ என்னைவிட நல்லாக் கதைக்கும்" என்றான்.

நான் போகவில்லை. சனிக்கிழமை ஒவ்வொன்றுக்கும் ஒரு சாட்டு இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், மழை, ஊரில் இருந்து ஆள் வந்திருக்கு. உண்மையில் இரண்டு விஷயங்கள் என்னைத் தடுத்தன. ஒன்று, எங்களை ஓடவைத்த மொழியை ஒரு சிங்கள வீட்டின் விறாந்தையில் உட்கார்ந்து மழலைபோல உளறிப் படிக்க மனம் இடம் தரவில்லை. மற்றது, அதைவிடச் சிறியது, அதைவிட வலுவானது. அவனுடைய சின்ன மகன் என் பிழையைக் கேட்டுச் சிரிப்பானே என்ற வெட்கம். ஆனாலும் சிங்களம் வேண்டியிருந்தது. வேலை உறுதியாவதற்கும் வேண்டும், உயிருக்கும் வேண்டும் என்று அந்த நாட்களில் எல்லாரும் சொன்னார்கள். அப்போதுதான் கொழும்பில் இருந்த ஒரு தபால்வழிக் கல்லூரியின் விளம்பரம் கண்ணில் பட்டது. பாடம் தபாலில் வரும். விடை எழுதி அனுப்பினால் சிவப்பு மையால் திருத்தி வரும். என்னைத் திருத்துபவர் யார் என்று எனக்குத் தெரியாது, நான் யார் என்று அவருக்கும் தெரியாது. எனக்கென்றே செய்ததுபோல இருந்தது. அம்மாகூடக் கேட்டாள், "இஞ்சேருங்கோ, பக்கத்து மேசையில ஆளை வச்சுக்கொண்டு ஏன் கொழும்புக்குக் கடிதம் போடுறியள்?" நான் ஏதோ சொல்லி மழுப்பினேன்.

குறை சொல்லக்கூடாது, அந்தக் கல்லூரி சொன்னதைச் சரியாகத்தான் செய்தது. பாடங்கள் ஒழுங்காக வந்தன. வட்டம் வட்டமான அந்த எழுத்துகளை நான் ஆசையோடு எழுதிப் பழகினேன். இலக்கணம் எனக்கு இனித்தது. நல்ல புள்ளிகளோடு சான்றிதழ் வந்தது, கந்தோர்ச் சோதனையிலும் சித்தியடைந்தேன். சிங்களப் பத்திரிகையை முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம்வரை வாசிப்பேன். ஒரே ஒரு விஷயத்தை நான் கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை. எங்கள் மொழியைப் போலவே அவர்கள் மொழியிலும் எழுதுவது வேறு, கதைப்பது வேறு. நான் படித்தது முழுக்க எழுதும் சிங்களம். இத்தனை காலத்தில் ஒரு வசனத்தைக்கூட நான் இன்னொரு மனிதரின் காதில் போட்டுப் பார்த்திருக்கவில்லை.

அதைப் போட்டுப் பார்த்த நாள் உனக்கு நினைவிருக்கும். அம்மாவின் கண்ணை டொக்டரிடம் காட்டிவிட்டுக் கண்டியில் இருந்து மூவரும் வந்துகொண்டிருந்தோம். பேராதனை தாண்டிப் பஸ்ஸை மறித்தார்கள். முதல் நாள் எங்கோ ஏதோ நடந்திருந்தது, அதனால் ஆமிக்காரர்கள் முகத்தில் சிரிப்பில்லை. ஆம்பிளைகளை இறங்கச் சொன்னார்கள். என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு ஒரு இளம்பையன், எங்கே போகிறாய் என்று கேட்டான். நான் நிமிர்ந்து நின்று, "மம கம்பொலட்ட யமி" என்றேன். நான் கம்பளைக்குப் போகிறேன். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் "யமி" என்பது தாளில் மட்டும் இருக்கிற சொல். வாயால் கதைக்கிற எவரும் "யனவா" என்றுதான் சொல்வார்கள். எங்கள் ஊர்ச் சந்தியில் ஒருவன் வந்து நின்று, "யான் இல்லம் ஏகுகின்றேன்" என்றால் நாங்கள் எப்படிப் பார்ப்போம்? அவன் அப்படிப் பார்த்தான். தனக்கு மேலே இருந்த பெரியவனைக் கூப்பிட்டான். இன்னும் இரண்டு கேள்வி கேட்டான். நான் பயத்தில் இன்னும் சுத்தமாக, இன்னும் புத்தகமாகப் பதில் சொன்னேன். சிரித்துக்கொண்டு வந்த பெரியவனின் முகம் மாறியது. இதை உனக்கு யார் பழக்கினது என்று கேட்டான். "தபால் மூலம்" என்றேன். "யார் அனுப்பினது?" என்றான். கல்லூரியின் பெயர் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. யாரும் கதைக்காத ஒரு சிங்களத்தை யாரோ ஒரு தமிழனுக்கு இரகசியமாகப் பழக்கி அனுப்பியிருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தோன்றியது. பஸ் யன்னலில் உன் முகமும் அம்மாவின் முகமும் ஒட்டிக்கொண்டு இருந்ததைப் பார்த்தபடி ஜீப்பில் ஏறினேன்.

நான் நன்றாகக் கதைத்திருந்தால் விட்டிருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். அட்டையில் இருந்த பெயரும் பிறந்த ஊரும் அந்த நாட்களில் ஒருவனைப் பிடிக்கப் போதுமாக இருந்தன. எத்தனையோ பேர் சிங்களத்தை அவர்களைப் போலவே கதைத்தும் திரும்பி வரவில்லை. நான் திரும்பி வந்தேன். அதற்குக் காரணம் விமலசிறி. அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு நேரே அவன் வீட்டுக்குத்தான் ஓடியிருக்கிறாள். அவன் கந்தோர்ப் பெரியவரையும் அவர்கள் ஊர்ப் பௌத்த பன்சலையின் சாதுவையும் கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு நடையாக நடந்தான். சில நாட்களில் விட்டார்கள். வெளியே வந்து அவனோடு பஸ்ஸுக்காக நின்றபோது அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "மச்சான், அந்த ஆமிக்காரன் என்கிட்ட சொன்னது. நீ பேப்பர் வாசிக்கிற மாதிரிக் கதைச்சதாம். மனுசன் அப்படிக் கதைக்குமா? இனியாவது வீட்டுக்கு வா." நான் தலையாட்டினேன். ஆனால் அதற்குப் பிறகு நான் சிங்களத்தில் வாயே திறக்கவில்லை. கடைக்குப் போனாலும் ஆங்கிலம், பஸ்ஸில் ஏறினாலும் கை. ஒருமுறை சுட்டதை இன்னொருமுறை தொடுவானேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். விமலசிறியும் பிறகு கேட்பதை விட்டுவிட்டான். நாங்கள் வருடக்கணக்காக அவன் பிழைத் தமிழிலேயே சிநேகிதர்களாக இருந்தோம்.

இனிச் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் பாதிதான் தெரியும். விமலசிறியின் மகன், என் பிழைக்குச் சிரிப்பான் என்று நான் பயந்த அந்தச் சின்னவன், வளர்ந்து ஆமியில் சேர்ந்தான். நீ அப்போது கண்டியில் விடுதியில் தங்கி உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாய். ஒருநாள் விமலசிறி கந்தோருக்கு வரவில்லை. மத்தியானம் செய்தி வந்தது. வடக்கில் பையன் செத்துப்போனான். நான் பிறந்த ஊருக்குப் பக்கத்தில். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு முதலில் வந்தது கவலை மட்டுமில்லை. அந்தப் பக்கம் என் சொந்தங்கள் பங்கருக்குள் இருந்தார்கள். இந்தப் பிள்ளை யாரை நோக்கிச் சுட்டிருப்பான் என்ற எண்ணமும் வந்தது. அன்று பின்னேரம் வீட்டில் நான் போவதா விடுவதா என்று நடந்துகொண்டிருந்ததைப் பார்த்து அம்மா சொன்னாள், "போங்கோ. அந்த மனுசன் உங்களுக்காக எங்க எல்லாம் போனவர். போகாட்டில் இனி அவற்ற முகத்தைப் பாக்கேலாது."

போனேன். வழி நெடுக வெள்ளைக் கொடி. மரங்களுக்கு இடையில் கட்டியிருந்த துணிகளில் அனுதாபம் எழுதியிருந்தது. எனக்கு அந்த வசனங்கள் எல்லாம் தெரியும், அதே சிங்களம்தான் நான் படித்தது. பஸ்ஸில் இருந்தபடி அவற்றில் ஒன்றை மனதில் அடுக்கிக்கொண்டு போனேன். முற்றத்தில் நின்றவர்கள் என்னைப் பார்த்து விலகி வழிவிட்டார்கள். அந்த விலகலில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெட்டி மூடியிருந்தது. அதைத் திறக்கக்கூடாது என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்களாம். விமலசிறி உள்ளே சாதுமார்களோடு நின்றான். பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் இருந்த அவன் மனைவி என்னைக் கண்டதும் எழும்பி வந்து என் கையைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு மெதுவாகக் கதைத்தாள். பாதி விளங்கவில்லை. பிறகு ஒரு கேள்வி கேட்டாள். அது எனக்கு முழுக்க விளங்கியது.

மகன் செத்த இடம் உங்களுடைய ஊர்ப் பக்கம் என்று இவர் சொன்னார். அங்கே மரம் இருக்கிறதா? நிழல் இருக்கிறதா? இதுதான் அவள் கேட்டது.

அந்த முற்றத்தில் நின்ற அத்தனை பேரிலும் அதற்குப் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்த இடம் எனக்குத் தெரியும். ஒழுங்கை இரண்டு பக்கமும் பூவரசு. கிணற்றடியில் பெரிய புளி, அதற்குக் கீழே மத்தியானத்திலும் குளிர்ச்சி. வெயில் கடுமைதான் அம்மா, ஆனால் பின்னேரத்தில் கடல் காற்று வரும், தண்ணீர் நல்ல தண்ணீர். இவ்வளவும் நெஞ்சுக்குள் வந்து நின்றது, தமிழில். இதைத் தாய்க்குச் சொல்ல என்னிடம் இருந்த மொழி கந்தோர்க் கடிதத்தின் மொழி. கடைசியில் ஒரு சொல் சொன்னேன். "எத்த." இருக்கிறது என்பதற்குப் புத்தகச் சொல் அது. கதைக்கிறவர்கள் அதைச் சொல்வதில்லை. அவர்கள் கதைப்பில் அதைப்போல இன்னொரு சொல் இருக்கிறது, "எத்தி". கடைசி எழுத்துத்தான் வித்தியாசம். அதற்குப் போதும் என்று அர்த்தம். என் குரல் உள்ளே போயிருந்தது, கடைசி எழுத்து வெளியே வந்ததா என்று எனக்கே தெரியாது. அவள் என்னைப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டாள். போய்ப் பாயில் உட்கார்ந்தாள்.

பிறகு விமலசிறி வந்தான். பிள்ளையைப் பறிகொடுத்து நின்ற அந்த நேரத்திலும் அவன் என்னிடம் தமிழில் கதைத்தான். "மச்சான் வந்தது நல்லது. உட்காரு. தேத்தண்ணி குடிச்சதா?" அவனிடம் சொல்லியிருக்கலாம். உன் மனைவி இப்படிக் கேட்டாள், இதுதான் பதில், அவளுக்குச் சொல்லு என்று தமிழிலேயே சொல்லியிருக்கலாம். அவன் சொல்லியிருப்பான். ஆனால் சாதுமார் பிரித் ஓதத் தொடங்கிவிட்டார்கள், ஆட்கள் நெருங்கினார்கள், நான் பின்னுக்குப் பின்னுக்குப் போய் வாசலில் நின்றுவிட்டு வந்துவிட்டேன். பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். விமலசிறி திரும்ப வேலைக்கு வந்ததும் சில நாட்களிலேயே ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு, குருநாகலில் மகள் வீட்டுக்குக் குடும்பத்தோடு போய்விட்டான். அடுத்த வருடம் அவன் மனைவி செத்துப்போன செய்தி வந்தது. அவள் கேட்டதற்குப் பதில் இல்லாமலேயே போனாள். இல்லாவிட்டால், போதும் என்ற பதிலோடு போனாள்.

இதை உனக்கு எழுதுவது உன்னைப் பயமுறுத்துவதற்கில்லை. தபால்வழிக் கல்லூரியைத் திட்டுவதற்கும் இல்லை. இணையம் கூடாது என்றும் நான் சொல்லமாட்டேன். எனக்கு வந்தது வெறும் தாள். உனக்கு அதில் குரலும் முகமும் வரலாம் என்கிறார்கள். அதனால் சேருவதற்கு முன் அந்தக் கல்லூரிக்கு எழுதிக் கேள். கிழமைக்கு ஒருமுறையாவது உயிருள்ள ஒரு ஆசிரியர் நீ கதைப்பதைக் கேட்பாரா, கேட்டு அந்த இடத்திலேயே திருத்துவாரா, இல்லாவிட்டால் பதிந்து வைத்த குரலை நீ தனியாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதானா என்று கேள். அங்கே உள்ள சனங்கள் கடையிலும் தெருவிலும் கதைக்கிற மொழியைப் படிப்பிக்கிறார்களா என்று கேள். அந்தச் சோதனையில் வாயால் கதைக்கும் பகுதியும் இருக்கிறது என்று நீதான் சொன்னாய், அதற்கு எப்படித் தயார்ப்படுத்துகிறார்கள் என்று கேள். முழுதாகச் சேரமுன் ஒரு பாடம் இருந்து பார்க்க விடுவார்களா என்றும் கேள். கட்டுகஸ்தோட்டையில் பின்னேரத்தில் கரண்ட் போவதையும், வேலைக் களைப்பில் நீ பாயைக் கண்டதும் சரிவதையும் யோசித்துக்கொள். வீட்டில் இருந்து படிப்பவரை எழுப்ப யாரும் வரமாட்டார்கள். இவற்றுக்கெல்லாம் நல்ல பதில் வந்தால் தயங்காமல் சேர், அம்மாவுக்கும் நிம்மதி. வராவிட்டால் கண்டிக்கே போ. சனிக்கிழமைகளில் நான் கம்பளையில் இருந்து வந்து உன்னோடு பஸ்ஸில் ஏறுகிறேன். வகுப்பு முடியும்வரை வாவிக் கரையில் உட்கார்ந்திருக்க எனக்கு அலுக்காது.

எதில் சேர்ந்தாலும் சரி, யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதற்காகச் சேராதே. அந்தக் காரணம் ஒன்றை மட்டும் விட்டுவிடு. பார்க்காத இடத்தில் நாம் விடுகிற பிழை அழிவதில்லை, ஆள் பார்க்கிற ஒரு நாளுக்காக உள்ளே இருந்துகொண்டிருக்கும். நான் ஓய்வு பெற்ற பிறகுதான் சந்தையில் கீரை விற்கிற பெண்களோடு சிங்களம் கதைக்கத் தொடங்கினேன். அவர்கள் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். இப்போது நன்றாகவே கதைக்கிறேன் என்று அம்மா சொல்கிறாள். யாரோடு கதைக்க வேண்டுமோ அவர்கள் ஒருவரும் இப்போது இங்கே இல்லை.

முதல் வகுப்பு முடிந்த அன்றைக்கு எனக்கு ஒரு கோல் எடு. அந்த மொழியில் வாயில் வருகிற ஏதாவது ஒரு வசனத்தை எனக்குச் சொல்லு, பிழையோடு சொல்லு. எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் அப்பா